வினைச்சொல்லும் கடன்படுமோ?

பெயர்ச்சொற்களே கடன்பெறப்படும்; அடிப்படை வினைகள் அசையா எனக் கருதுவார் உளர். ஆங்கில ‘டேக்’ அக்கருத்தைப் பொய்ப்பிக்கின்றது.

பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ எனப் பொருள்பட்ட வினை ‘நிமன்’. அதன் இனச்சொல்லாகிய ‘நேமன்’ செருமானியத்தில் இன்றும் வழங்குகின்றது. இங்கிலாந்திலோ, 793-இல் லிண்டிசுபார்ன் துறவுப்பள்ளியைச் சூறையாடிய வைக்கிங்கரின் இனத்தார், அந்நூற்றாண்டிற்கு அடுத்த நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்தம் ‘தக்கா’ என்னும் வினையே ‘டேக்’ ஆகி, நிமனை மெல்ல மெல்ல வீழ்த்தியது. உணர்வு எடுக்கப்பட்டு மரத்துப்போனதைக் குறிக்கும் ‘நம்’, விரைந்து இயங்குவதைக் குறிக்கும் ‘நிம்பிள்’ ஆகிய சொற்களிலேயே அதன் எச்சம் ஒட்டியுள்ளது.

அந்த ‘டேக்’ இன்று தமிழையும் தீண்டுகின்றது. ஒலியால் அன்று, பொருளால். ‘குளியல் எடுத்தான்’, ‘ஓய்வு எடுத்தான்’ என்பன தமிழுடை பூண்ட ஆங்கிலத் தொடர்கள். குளித்தான், இளைப்பாறினான் என்பனவே தமிழ்.

அயற்சொல்லைக் களைதல் எளிது. தமிழ்ச்சொல்லுள் ஒளிந்த அயல்வழக்கைக் காண்டலே அரிது. நிமனை இழந்த ஆங்கிலர்க்கு அவ்விழப்புத் தோன்றவில்லை. தமிழர்க்குத் தோன்றுதல் வேண்டும்!