செல்ஃப் எடுக்கலையா? முதல்ல ஹாரன் அடிங்க!

மகளுக்குப் பொதுத்தேர்வு. பின்சீட்டில் உட்கார்ந்து மணியைப் பார்க்கிறாள். அம்மா ஸ்கூட்டரின் செல்ஃப் பட்டனை அழுத்துகிறார்; சத்தமே இல்லை. இந்த நேரத்தில் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்தாமல், சாவியை ஆன் செய்து ஹாரனை அடித்துப் பார்க்க வேண்டும். கோளாறு எங்கே என்று ஹாரனே பாதி சொல்லிவிடும்.

ஹாரன் கம்மலாக ஒலிக்கிறதா? பேட்டரி வீக். செல்ஃபில் 'டக் டக்' என்று மட்டும் கேட்டாலும் பெரும்பாலும் அதேதான். கிக்கர் இருந்தால் உதைத்துக் கிளம்பலாம். பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்கிறதா, வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

ஹாரன் கணீரென்று ஒலித்து, செல்ஃப் மட்டும் பேசவில்லையா? பிரேக்கை நன்றாகப் பிடியுங்கள். பிடித்தும் பிரேக் லைட் எரியாவிட்டால் அந்த லீவர் ஸ்விட்ச் பழுதாகியிருக்கலாம். அடுத்த பிரேக்கைப் பிடித்து முயலுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

ஹாரன், லைட் எதுவுமே இல்லையா? ஃபியூஸ் போயிருக்கலாம். சாவியை லேசாக அசைக்கும்போது விளக்கு வந்து வந்து போனால், சாவி ஸ்விட்ச்சில்தான் கோளாறு. இதைத் தள்ளிப்போடக் கூடாது. நடுரோட்டில் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம்.

இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். 10 விநாடி விட்டு மறுபடி முயலுங்கள்.

அந்த அம்மா ஹாரன் அடித்தார். கணீர்! குனிந்து பார்த்தால் சைடு ஸ்டாண்டு. தட்டிவிட்டார், மகள் நேரத்துக்குத் தேர்வு மையம் போய்ச் சேர்ந்தாள்.