தெற்காசிய மனித உரிமை நீதிமன்றம்: கோரிக்கைச் சாசனம்

சார்க் அமைப்பின் எட்டு உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கு:

ஐரோப்பியருக்கு 1959 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு சான் ஹோசேயில் இருக்கிறது, ஆப்பிரிக்காவுக்கு அருஷாவில். நமக்கு இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரம் அமர்ந்த தாய்மாருக்கும், 1990களில் பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு நேபாள முகாம்களில் முதுமை கண்ட லோட்சாம்பா மக்களுக்கும், சொந்த நாடு கைவிட்ட பிறகு படியேற ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை. பாக் நீரிணையில் படகு பறிபோன ராமேசுவரத்து மீனவரும், இழுவைமடியால் வலை அறுந்த யாழ்ப்பாணத்து மீனவரும் தத்தம் குறையை ஒரே நீதிபதிகளிடம் சொல்ல இன்றும் இடமில்லை.

எங்கள் முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றிலும் பெரியது: பாதிக்கப்பட்டவர் எந்த அரசின் அனுமதியும் இன்றி நேரே வழக்குத் தொடுக்க முடிய வேண்டும். ஆப்பிரிக்க நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டு நெறிமுறை, ஓர் அரசு தனியாக ஒப்புதல் அறிவித்தால்தான் அதன்மீது தனிமனிதர் நேரடியாக வழக்குப் போடலாம் என்றது. 2016இல் ருவாண்டா அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. 2019இல், நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்த தான்சானியாவே திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு பெனினும் ஐவரி கோஸ்டும் பின்தொடர்ந்தன. அந்த ஓட்டை நம் ஒப்பந்தத்தில் இருக்கவே கூடாது. உள்நாட்டு நீதிமன்றங்களை முதலில் நாட வேண்டும் என்பதை ஏற்கிறோம்; அங்கே வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கப்பட்டால் அந்த நிபந்தனை விலக வேண்டும்.

இரண்டாவது, நீதிமன்றம் சார்க்கின் உறுப்பாக அமையக் கூடாது. சார்க் சாசனத்தின் 10ஆம் பிரிவு ஒருமித்த முடிவைக் கேட்கிறது. இருநாட்டுச் சச்சரவுகளைப் பேசவே தடை போடுகிறது. 2014க்குப் பிறகு உச்சி மாநாடுகூட நடக்கவில்லை. தனி ஒப்பந்தம் வேண்டும். மூன்று நாடுகள் ஏற்றாலே அது நடைமுறைக்கு வரட்டும்.

மூன்றாவது, நீதிபதிகளை அரசுகள் பொறுக்கி அனுப்பக் கூடாது. கரீபிய நீதிமன்றத்தில் நடப்பதுபோல சுதந்திரமான ஆணையம் தேர்ந்தெடுக்கட்டும். பெரிய நாடானாலும் சிறிய நாடானாலும் ஒரு நாட்டுக்கு ஒரே இடம்; ஒன்பது ஆண்டுப் பதவி, மறுநியமனம் கிடையாது. தன் நாட்டு வழக்கை யாரும் விசாரிக்கக் கூடாது.

பணத்துக்கும் கரீபியரே வழிகாட்டி. 2005இல் திறந்த அந்த நீதிமன்றத்துக்கு 10 கோடி டாலரில் அறக்கட்டளை நிதி வைத்தார்கள். ஆண்டுதோறும் அமைச்சர்களிடம் கையேந்தும் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பெழுதத் தயங்கும்.

அரசுத் தலைவர்கள் கூடி நீதிமன்றத்தை முடக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. நிலப் பறிப்பு வழக்கில் 2008இல் ஜிம்பாப்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்த தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வட்டாரத் தீர்ப்பாயத்தை 2010இல் அப்படித்தான் நிறுத்திவைத்தார்கள். விலகும் நாடு ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். நிலுவை வழக்குகள் தொடர வேண்டும்.

மனுவைத் தமிழிலோ நேபாளியிலோ மாலத்தீவின் திவேகியிலோ எழுத இடம் வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க் உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழிகளில் மனு பெறுகிறது, இங்கும் பெறலாம்.

வாசிப்பவர்களே, இதை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கையில் கொடுங்கள். ஆதரிக்கிறாரா இல்லையா என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.