சாக்கில் வரும் பாவம்

பூனையைக் கொன்றால் பாவம். ஆகையால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் யாரும் கொல்ல மாட்டார்கள். வீட்டில் குட்டி போட்டால் கண் திறந்ததும் சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து, வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடாத தூரத்தில் அவிழ்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தூரத்தில்தான் என் தோட்டம் இருக்கிறது.

கரிசலில் தோட்டம் என்றால் நாலு வேம்பு, இரண்டு முருங்கை, ஒரு கொடுக்காப்புளி, கிணற்றடியில் ஒரு தண்ணீர்த்தொட்டி, அவ்வளவுதான். சித்திரையில் மண் பிளந்து, கண்மாய் வறண்டு, சுற்றிலும் சீமைக்கருவேல் மட்டும் பச்சையாக நிற்கும்போது இந்தத் தொட்டிக்குத்தான் கௌதாரி, ஆட்காட்டி, மயில், கீரி எல்லாம் வரவேண்டும். மண் வெடிப்புக்குள் எலி. எலிக்குப் பின்னால் சாரை. யாரை யார் தின்பது என்பதில் அவற்றுக்குள் தகராறு இல்லை. எலி குறைந்தால் சாரையும் குறையும்.

பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மைனி பரிதாபப்பட்டுப் பால்சோறு வைக்கிறார். தட்டை நக்கி முடித்த கையோடு வேலியோரம் பதுங்கிப்போய்க் கௌதாரிக் குஞ்சைக் கவ்விக்கொண்டு வருகிறது. வயிறு நிறைந்தாலும் பூனை வேட்டையாடும் என்று சொன்னால் மைனி நம்புவதில்லை. இரண்டு மாதச் சினை; ஈற்றுக்கு மூன்று நாலு குட்டி; ஆறு மாதம் போனால் குட்டியே சினைக்கு வந்துவிடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து கத்தித் தீர்க்கின்றன, பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கீரி ஒன்றுதான் எதிர்த்து நிற்கிறது. அது வாலைத் துடைப்பம் மாதிரி சிலிர்த்துக்கொள்ள, கடுவன் முதுகை வளைத்துச் சீறும். சற்று நேரம் முறைத்துவிட்டு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். சாவதெல்லாம் ஓணானும் குஞ்சும்தான்.

இதைவிட எரிச்சல், பழி வேறெங்கோ போய் விழுவது. பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி, "காட்டுப்பூனைதான் கோழியத் தூக்குது, மருந்து வச்சிருவமா?" என்கிறார். அண்ணாச்சி, காட்டுப்பூனைக்கு நீண்ட கால், குட்டை வால், வால் நுனியில் கறுப்பு வளையம், காது முனையில் கொஞ்சம் மயிர். அது கோழி தொடாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் மக்காச்சோளக் காட்டில் கூலி வாங்காமல் எலி பிடிப்பதும் அதுதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. மருந்து வைத்தால் நாம்தான் பதில் சொல்லவேண்டும். நேற்று உங்கள் கூரையில் உட்கார்ந்திருந்தது டவுனில் பிறந்த பூனை. அது காட்டுப்பூனையோடு சேர்ந்தாலும் ஆபத்து. ஸ்காட்லாந்தில் வீட்டுப்பூனையோடு கலந்து கலந்தே காட்டுப்பூனை இனம் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது.

நாலு குட்டியால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவைச் சொல்லவேண்டும். 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது. அந்தச் சமயத்தில் பூனையும் வந்தது. அந்தத் தீவில் மட்டுமே மிஞ்சியிருந்த, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனம் சில வருடங்களுக்குள் பூண்டோடு போய்விட்டது.

சாக்கு கட்டும் அண்ணாச்சிமாரே, பாவம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அவிழ்த்துவிட்ட குட்டிகளில் பல அன்றைக்கே நாய் வாயில் போகின்றன. பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். குட்டி வேண்டாம் என்றால் தாய்ப்பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிடுங்கள். ஒரு பூனைக்கு ஒரு தடவை செய்தால் போதும்.