நாலாவது ராசா

போன தீபாவளி இரவு. உடப்புசல்லாவையில் அண்ணன் வீட்டு இஸ்தோப்பில் பாய் விரித்துப் பிள்ளைகள் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணியின் பித்தளைச் செம்பு. அதைச் சுற்றி ஒரு சீட்டுக்கட்டு முழுவதையும் கவிழ்த்து, ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏறியிருக்கும்படி வளையமாக விரித்திருந்தார்கள். கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போயிருக்கும் மூத்த மருமகன் கொண்டுவந்த விளையாட்டு. என்னைப் பார்த்ததும், “அத்தே, ஏழு பேராத்தான் இருக்கோம். ஒரு கை கொறையுது, வாங்க” என்றான்.

“ஒரு கை கொறையுது” என்ற சொல் எனக்குப் பழையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பிராவிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அப்பா எழுந்து போவார். ஓமி என்கிற சீட்டாட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும், மூன்று பேரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் குரல் ஒரு நாளும் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டதில்லை, என்னையும் கூப்பிட்டதில்லை. நாங்கள் கதவோரத்தில் நின்று பார்த்தோம். பார்த்தே முழு ஆட்டத்தையும் கற்றுக்கொண்டோம்.

ஓமி தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை ஒதுக்கிவிட்டால் மிச்சம் 32. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. போட்டவருக்கு வலப்பக்கம் இருப்பவர் அந்த நான்கை மட்டும் பார்த்துத் துரும்பு, அதாவது மற்ற வகைகளை வெட்டுகிற வகை, எது என்று சொல்ல வேண்டும். பிறகுதான் மற்ற நான்கும் கைக்கு வரும். பாதிக் கையை வைத்து முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்கிற அந்த இடத்தில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. மொத்தம் எட்டுப் பிடி. துரும்பு சொன்ன பக்கம் ஐந்து பிடியோ அதற்கு மேலோ எடுத்தால் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் எடுத்துவிட்டால் அவர்களுக்கு இரண்டு. எட்டையும் ஒரே பக்கம் வாரிக்கொண்டால் கபோதி, மூன்று புள்ளி. பத்தை முதலில் தொடுகிறவர்கள் வென்றார்கள். ஒதுக்கி வைத்த சின்னச் சீட்டுகள்தான் புள்ளிக் கணக்குக்கு.

இந்த ஆட்டத்தைக் கிராமத்துச் சிங்கள ஆட்களும் நம்மவர்களும் ஒரே சாக்கில் உட்கார்ந்து ஆடுவார்கள். ஸ்பேடை அவர்கள் இஸ்கோப்ப என்பார்கள், ஹார்ட்ஸை ஹாரத என்பார்கள். டச்சுக்காரர்கள் போகும்போது விட்டுவிட்டுப் போன பெயர்கள் அவை. துரும்பு என்பதும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சொல்தான். ஆனால் தமிழில் முன்பே ஒரு துரும்பு இருந்தது. காற்றில் பறக்கிற, யாரும் மதிக்காத துரும்பு. அதே பெயரில் ராசாவையும் ஆசையும் வெட்டுகிற ஒரு ஏழு ரூயித்தன் (டைமண்ட்) கைக்கு வரும்போது, நாள் முழுவதும் கங்காணியிடம் ஏச்சு வாங்கிய மனுசனுக்கு முகம் எப்படி மலரும் என்று நான் கண்டிருக்கிறேன்.

இழவு வீட்டில் விடிய விடிய ஓமி நடக்கும். பிணத்தைத் தனியாக விடக்கூடாது, ஆண்கள் விழித்திருக்க வேண்டும். சாயத் தண்ணி வரும், வெற்றிலைத் தட்டு வரும், வீட்டுக்குப் பின்னால் சாராயமும் வரும். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அப்பாவும் குடித்தார். ஆனால் சீட்டுக்கு உட்காருகிற இரவில் குறைத்துக்கொள்வார், காரணம் அவருடைய கூட்டாளி. எதிர்க் காம்பிரா மாமா ஒருவர், “போதையோட வந்தா என் எதிர்ல உக்காராத” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். 32 சீட்டில் எது போனது, எது இன்னும் யார் கையில் என்று நினைவில் வைத்திருந்தால்தான் ஓமியில் ஒரு பிடியாவது எடுக்கலாம். குடித்தவன் தோற்பான், தன்னோடு கூட்டாளியையும் தோற்கடிப்பான்.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் ஆடுகிற முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டமும் இப்படித்தான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கு 304. தலை தெளிவில்லாதவனுக்கு அந்தக் கணக்கு ஒரு பிடிக்கு மேல் ஓடாது.

இப்போது செம்பு விளையாட்டுக்கு வருகிறேன். கிங்ஸ் கப் என்றும் ரிங் ஆஃப் ஃபயர் என்றும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். ஒவ்வொருவராக வளையத்திலிருந்து ஒரு சீட்டை உருவ வேண்டும். சீட்டு சொல்வதைச் செய்ய வேண்டும். ஆசு வந்தால் அருவி: எல்லோரும் குடிக்கத் தொடங்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் நிறுத்தும்வரை நீங்கள் நிறுத்தக் கூடாது. இரண்டு வந்தால் நீங்கள் காட்டுகிற ஆள், மூன்று வந்தால் நீங்களே. நான்குக்குத் தரையைத் தொட வேண்டும், ஏழுக்கு வானத்தைக் காட்ட வேண்டும், கடைசி ஆள் குடிப்பார். ஐந்து ஆண்களுக்கு, ஆறு பெண்களுக்கு. எட்டுக்கு ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு நீங்கள் குடிக்கும்போதெல்லாம் அவரும் குடிப்பார். ஒன்பதுக்கு எதுகை, பத்துக்கு ஒரு வகைப் பெயர்கள், தடுமாறினவர் குடிப்பார். ஜாக்கி எடுத்தவர் புதிதாக ஒரு சட்டம் போடலாம். ராணி எடுத்தவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது. ராசா எடுத்தவர் தன் கையிலிருப்பதில் கொஞ்சத்தை நடுச் செம்பில் ஊற்ற வேண்டும். நாலாவது ராசா யார் கைக்கு வருகிறதோ, அவர் அந்தச் செம்பை முழுதாகக் குடிக்க வேண்டும்.

மருமகன் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஓமியில் குடித்தவன் தோற்பான். இதில் தோற்றவன் குடிப்பான். குடித்ததால் அடுத்த எதுகையிலும் அவனே தடுமாறுவான், திரும்பவும் குடிப்பான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரில் ஒரு பையனுக்கு நான்கு ஆசும் நான்கு ஐந்தும் எப்படியும் உண்டு. மற்றவற்றில் ஆறு மிடறாவது விழும். ஆகப் பதினாலு மிடறு. மிடறுக்கு 15 மில்லி என்று வைத்தாலும் 210 மில்லி. நம் ஊரில் கால் போத்தல் 180 மில்லி. அதற்கும் மேலே, முக்கால் மணி நேரத்துக்குள். சாராயத்தில் நூற்றுக்கு 33 பங்குக்கு மேல் மதுசாரம், 30 மில்லியில் ஏறக்குறைய 8 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்து முடிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தப் பையன் குடித்ததை எரிக்க ஏழு மணி நேரம் வேண்டும். ஆட்டம் முடியும்போது குடித்ததில் ஒரு பங்கு இன்னும் வயிற்றில்தான் இருக்கும், எழுந்து நடக்கும்போதுதான் தலைக்கு ஏறும். அதற்குப் பிறகு மழையில் வழுக்குகிற லயத்துப் படிக்கட்டு. குளிருக்கு நல்லது என்பார்கள். சாராயம் தோலுக்கு இரத்தத்தை ஏற்றி உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது. சூடாக இருப்பதுபோல் தோன்றும், உடம்பு குளிர்ந்துகொண்டே போகும்.

பணமும் உண்டு. தோட்டத்தில் நாள் சம்பளம் 2024இல்தான் 1350 ரூபாய் ஆனது. ஒரு முழுப் போத்தல் சாராயத்துக்கு அந்தக் கணக்கில் இரண்டு நாள் சம்பளமும் போதவில்லை. இதை நான் சொன்னால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், அவர்களுடைய காசு, அவர்களுடைய விடுமுறை. அதனால் சொல்லவில்லை.

நான் பேசியது வேறொன்றுக்காக. மருமகன் இரண்டை எடுத்து, எதிர் லயத்துப் பையன் ஒருவனைக் காட்டினான். அவனுக்குப் பத்தொன்பது வயது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆகாதவனுக்குக் கடைக்காரர் ஒரு சொட்டும் விற்க முடியாது. ஆனால் அவன் தயங்கியது சட்டத்துக்காக இல்லை. அவனுடைய அப்பா எதனால் போனார் என்று அந்தப் பாயில் இருந்த எல்லோருக்கும் தெரியும். “எனக்கு வேணாண்ணே” என்றான், மெதுவாக. “வெளாட்டுன்னா வெளாட்டுத்தான்டா” என்று இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள். யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. சீட்டு சொல்லிவிட்டது, அவ்வளவுதான். பையன் கிளாசைக் கையில் எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

வாசல்படியில் என் அண்ணன் மகள்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் நின்ற மாதிரியே. ஆறு என்பது பெண்களுக்கான சீட்டு, ஆனால் அந்த வட்டத்தில் என்னைத் தவிரப் பெண் இல்லை. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் வந்த தடையை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாளிலேயே திரும்பவும் போட்ட நாடு இது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். சாராயம் இருக்கிற பாயில் அவர்களுக்கு இடமில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன். இந்த வெளாட்டுல சாராயந்தான் ஊத்தணும்னு எந்தச் சீட்டுல எழுதியிருக்கு?” என்றேன். மருமகன் யோசித்தான். பிறகு சிரித்துவிட்டு, “அப்ப என்னா ஊத்துறது அத்தே, சாயத் தண்ணியா?” என்று கேட்டான்.

“அதேதான்.”

கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். எதிர் லயத்துப் பையன் கிளாசைக் கீழே வைத்த சத்தம்தான் முதலில் கேட்டது. சாராயப் போத்தலை மருமகனே எடுத்து உள்ளே வைத்தான். அண்ணி அடுப்பைப் பற்றவைத்தாள்.

இலங்கைத் தேயிலைக்கு ஏழு வட்டாரங்கள் சொல்வார்கள், அதில் உடப்புசல்லாவையும் ஒன்று. சாயத்தில் இளஞ்சிவப்பு ஓடும். வருடத்தில் இரண்டு பருவம் நல்ல தேயிலை கிடைக்கும் வட்டாரம். அந்த நல்லதெல்லாம் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், கொழுந்து எடுத்தவளுக்குத் தூள்தான். அண்ணி அந்தத் தூளில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தாள். எல்லோருக்கும் சின்னக் கிளாசில் அரைவாசி. அருவிச் சீட்டு வந்தால் சூட்டோடு குடிக்க முடியாது என்பதால் கொஞ்சம் ஆறவிட்டோம். ஆடிப் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வாசலில் நின்ற இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணியும் வந்தாள். பக்கத்துக் காம்பிராவிலிருந்து இன்னும் மூன்று பேர். பாய் போதாமல் கம்பளி விரித்தோம்.

ஒன்பது வந்தபோது ஒரு சின்னச் சண்டை. கொழும்புப் பிள்ளைகள் கடைசி எழுத்து ஒத்துவந்தால் போதும் என்றார்கள், சினிமாப் பாட்டில் அப்படித்தானாம். எட்டாம் வகுப்புப் படிக்கிற சின்னவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எதுகைன்னா ரெண்டாவது எழுத்து. எங்க டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க.” அவள் பக்கம்தான் நியாயம். கொழுந்து என்று தொடங்கினாள். விழுது, பழுது, புழுதி, அழுகை, முழுசு என்று வட்டம் சுற்றிவந்தது. எதிர் லயத்துப் பையன் கழுதை என்றான். கழுதை என்று ஒரு சீட்டு விளையாட்டே இருக்கிறது, செல்லாது என்றார்கள். செல்லும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

பத்தை எடுத்தவள் அண்ணி. வகை சொல்ல வேண்டும். “மலையில செய்ற வேலை” என்றாள். கொழுந்து எடுக்கிறது, உரம் போடுறது, மருந்து அடிக்கிறது, புல்லு வெட்டுறது. நான்கோடு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அண்ணி நிற்கவில்லை. கவ்வாத்து வெட்டுறது, முள்ளுக் குத்துறது, கான் வெட்டுறது, நாற்று மேடை போடுறது என்று விரல் மடக்கிக்கொண்டே போனாள். முப்பது வருடமாக அவள் செய்த வேலைகள். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் அவற்றில் பாதிக்குப் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. “கான்னா என்னம்மா?” என்று சின்னவள் கேட்டாள். ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது. தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் மலையின் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால் என்று அண்ணி விளக்கினாள், எந்தச் சரிவில் எவ்வளவு ஆழம் என்று கையால் அளந்து காட்டினாள். தாயின் கையைப் பிள்ளைகள் அப்படிப் பார்த்ததை நான் முன்பு கண்டதில்லை.

முதல் ராசாவுக்கு வெறும் சாயம் ஊற்றினார்கள், இரண்டாவதுக்குப் பாலோடு. மூன்றாவதை எடுத்த சின்னவள் உள்ளே ஓடிப்போய் மிளகுத்தூள் கொண்டுவந்து செம்பில் தட்டினாள். வளையத்தில் பத்துச் சீட்டு மிச்சமிருந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவத் தொடங்கினோம்.

நாலாவது ராசா அண்ணனுக்கு வந்தது. அவர் அதுவரை ஆட்டத்தில் இல்லை. வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தவரை மருமகன்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து, “ஒரே ஒரு சீட்டு எடுங்கப்பா” என்றான். எடுத்தார். களாவர் ராசா. செம்பை இரண்டு கையாலும் தூக்கி, மிளகும் பாலும் இஞ்சியும் கலந்த அதை நிறுத்தாமல் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சின்னச் சீட்டையெல்லாம் எடுத்து வையி” என்றார் மகனிடம். “ஓமி போடுவோம். புள்ள, நீ என் எதிர்ல இரு.”