சி.சி. வந்தாச்சு!

போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டு மாமி ஒரு கிண்ணம் கற்கண்டோடு வந்தாள்.

"பம்பாயிலே பிள்ளை ஃபிளாட் வாங்கறான்டீ! சி.சி. வந்தாச்சுன்னு தரகர் சொல்லிட்டாராம். ஆவணியிலே கிரகப்பிரவேசம். நீயும் வரணும்!"

கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், மாமி. ஆனால் எந்த சி.சி.?" என்று கேட்டேன்.

மாமி விழித்தாள். "சி.சி.யிலே கூடத் தினுசு தினுசாய் இருக்கா என்ன?"

இருக்கிறது, சகோதரிகளே! மோட்டார் சைக்கிள் வாங்கும் பையனுக்கு சி.சி. என்றால் எஞ்சினின் கொள்ளளவு. பாங்கிக்காரருக்கு அது காஷ் கிரெடிட் என்ற கடன் கணக்கு. ஆபீஸ் கடிதத்தில் இருந்தால், இன்னொருவருக்கும் நகல் போகிறது என்று பொருள். இதிலெல்லாம் யாரும் ஏமாறுவதில்லை. பேச்சு எதைப் பற்றியது என்று தெரிந்தால் அர்த்தமும் தெரிந்துவிடும்.

வீட்டு விஷயத்தில்தான் வம்பு. ஒரே கட்டடத்துக்கு இரண்டு சி.சி. உண்டு. ஒன்று தொடக்கத்தில் வருவது. மற்றது முடிவில் வருவது!

நம் சென்னையில் சி.சி. என்றால் 'கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட்'. அனுமதித்த வரைபடப்படி கட்டி முடித்தாகிவிட்டது என்று அதிகாரிகள் பார்வையிட்டுக் கொடுக்கும் நிறைவுச் சான்று. மும்பையில் தரகர்கள் சி.சி. என்று சொன்னால் அநேகமாக அது 'கமென்ஸ்மெண்ட் சர்ட்டிபிகேட்'. அதாவது, கட்ட ஆரம்பிக்கலாம் என்ற அனுமதி. மகாராஷ்டிரத்தின் 1966-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டப்படி கொடுப்பது. அதைக்கூட முதலில் அடித்தளம் வரைக்கும் கொடுத்து, பிறகு மேல் மாடிகளுக்கு நீட்டிப்பது அங்கே வழக்கம். சென்னை மாமி கேட்டது பூசணிக்காய் உடைக்கும் நாளை. மும்பைத் தரகர் சொன்னதோ வானம் தோண்டும் நாளை!

சட்டம் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் இரண்டாவது பிரிவிலேயே தொடக்கச் சான்று வேறு, நிறைவுச் சான்று வேறு என்று தனித்தனியே பொருள் சொல்லியிருக்கிறது. தண்ணீர், கழிவுநீர், மின்சார வசதியோடு குடியேறலாம் என்னும் 'ஆக்குபன்ஸி சர்ட்டிபிகேட்' மூன்றாவது. அதைச் சுருக்கி ஓ.சி. என்கிறார்கள். நம் ஊர் 'ஓசி' போல அது சும்மா வந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வினை எங்கே வருகிறதென்றால், நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில். 'சி.சி. கிடைத்ததும் 20 சதவிகிதம் செலுத்த வேண்டும்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைவுச் சான்று என்று நினைத்துத் தலையாட்டுகிறீர்கள். எழுதியவர் மனத்தில் இருப்பது தொடக்கச் சான்றானால், வெறும் பள்ளத்துக்குப் பணம் கட்ட வேண்டி வரும். வரி ஒன்றுதான், இரண்டு பேரும் இரண்டு விதமாய்ப் படித்திருக்கிறார்கள்.

வரிக்கணக்கையும் பாருங்கள். 2019 ஏப்ரல் 1 முதல், கட்டிக்கொண்டிருக்கும் சாதாரணக் குடியிருப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். (குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவிகிதம்.) முழுப் பணத்தையும் நிறைவுச் சான்று வந்த பிறகோ, முதல் குடித்தனம் புகுந்த பிறகோ, எது முந்தியோ அதற்குப் பின் கொடுத்தால் அந்த வரி கிடையாது. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4 லட்சம் வித்தியாசம்! "எங்களுக்குத்தான் சி.சி. வந்துவிட்டதே" என்று தொடக்கச் சான்றைக் காட்டினால் வரிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகையால் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, "சி.சி. வந்தாச்சு" என்றால் "நகலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தலைப்பு என்ன, தேதி என்ன, எத்தனை மாடி வரைக்கும் என்று படியுங்கள். கட்டுபவர் தம் திட்டத்தைப் பதிவு செய்திருந்தால், அந்த மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணையதளத்திலும் அதைப் பற்றிய விவரங்களைப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் சுருக்கெழுத்து எங்கே வந்தாலும் அதை முழுப் பெயராக எழுதச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் 'சொற்களின் பொருள்' என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சமையலறை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. "எல்லோரும் கொடுக்கிறார்களே" என்பது ஒரு பதிலாகாது.

கேட்டால் நம்மை அசடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் பல பேருக்கு உண்டு. புடவை வாங்கும்போது முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறோமா? ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைப் போடும் இடத்தில் இரண்டு எழுத்தைப் பிரித்துப் பார்க்க என்ன வெட்கம்?

மாமி அன்றிரவே பிள்ளையோடு பேசினாள். வந்திருந்தது தொடக்கச் சான்று. அதுவும் அடித்தளம் வரைக்கும்தான். நல்ல வேளை, முன்பணத்தைத் தவிர அவன் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் சி.சி. என்று இருந்ததாம், மூன்றையும் முழுப் பெயராக மாற்றி எழுதச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் மாமி வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்: "கிரகப்பிரவேசம் இந்த ஆவணி இல்லைடீ. எந்த ஆவணின்னு அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும். கற்கண்டை நீயே வைச்சுக்கோ. பத்திரம் பதியறச்சே வேறே கொண்டு வரேன்!"