புது செயின் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்!

பைக்குக்கு செயின் மாற்றணும் என்று மெக்கானிக் சொன்னதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "எப்போ கிடைக்கும்?" பிறகு வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். உங்கள் பைக்குக்கு ஓ-ரிங் செயின் என்றால், இந்த முறை டீயைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ் இருக்கும். இவை உரசும் இடத்தில்தான் தேய்மானம். ஓ-ரிங் செயினில், தயாரிக்கும்போதே அங்கே கிரீஸ் வைத்து, இருபக்கமும் குட்டி ரப்பர் வளையங்களால் மூடிவிடுகிறார்கள். மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகாது. அதனால் சாதா செயினைவிட விலையும் அதிகம், ஆயுளும் அதிகம்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

இன்ஜினை அணைத்துவிட்டு, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பல் பாதி வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. "ஒரு லிங்க்கை வெட்டிட்டா போதும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லா மூட்டும் தேய்ந்ததால்தான் செயின் நீண்டிருக்கிறது.

முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல், புது செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். 428, 520 என்று செயினில் இருக்கும் எண்ணும், மொத்த லிங்க் எண்ணிக்கையும் உங்கள் மாடலுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

நான்கு வளையங்கள்

இனிதான் முக்கியமான கட்டம். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லிங்க்கோடு நான்கு ரப்பர் வளையங்களும் கொஞ்சம் கிரீஸும் வரும். இரண்டு வளையங்களை லிங்க்கின் பின்களில் மாட்டி, கிரீஸ் தடவி, செயினில் செருக வேண்டும். மறுபக்கம் வெளியே வரும் பின்களில் மீதி இரண்டு. அதற்குமேல்தான் தகடு. அவசரத்தில் ஒன்று விட்டுப்போனால் அந்த மூட்டு மட்டும் கிரீஸ் இல்லாமல் சீக்கிரம் தேயும். எனவே, பாக்கெட்டில் வளையம் எதுவும் மிச்சமில்லையே என்று பாருங்கள்.

தகடை அழுத்த செயின் பிரஸ் கருவி இருக்கிறது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் வளையம் நசுங்கும். மாட்டியதும் அந்த மூட்டை மடக்கிப் பாருங்கள். மற்ற மூட்டுகளைப் போலவே மடங்க வேண்டும்.

கிளிப் லாக் என்றால், அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ரிவெட் லாக் என்றால், அதற்கான கருவி உள்ள கடையில் மட்டுமே கொடுங்கள். ஓடும்போது செயின் அறுந்தால் பின்சக்கரம் அப்படியே லாக் ஆகிவிடக்கூடும். குடும்பத்தோடு போகும் வண்டியில் இது விளையாட்டல்ல.

'டைட்டா வெச்சிடுங்க' வேண்டாம்

செயினின் கீழ்ப்பக்க நடுவில் மேலும் கீழும் அசைத்துத் தளர்வை அளப்பார்கள். பல பைக்குகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். தளர்வு இல்லையென்றால் பேரிங்தான் அடிவாங்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு பராமரிப்பு. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரப்பரைக் கெடுக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, ஓ-ரிங் செயினுக்கான ஸ்ப்ரே அடித்தால் போதும். இன்ஜின் ஓடும்போது மட்டும் செயினில் கை வைக்கவே கூடாது, விரல் போய்விடும்.

கிளம்பும் முன், கழற்றிய செயின் கவரையும் சேலை கார்டையும் திரும்ப மாட்டிவிட்டார்களா என்று பாருங்கள். பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவுக்கும் சேலைக்கும் அவைதான் பாதுகாப்பு.