ஓர் ஓட்டும் ஓர் இழையும்

பட்டுப் புடவை எடுக்கலாம் என்று சென்ற வாரம் வெம்பாக்கம் போயிருந்தேன். புடவை எடுத்தேனோ இல்லையோ, ஒரு வாதத்தை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினேன். அதை உங்களிடம் அவிழ்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, சகோதரிகளே!

தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தேர்தலில் வந்து நின்றது.

"என் தங்கச்சியைக் குடியாத்தத்துலே கொடுத்திருக்கு. வேலூர் எலெக்‌ஷன் அன்னிக்கு அவ ஓட்டுப் போடவே போகலை. அவ ஒருத்தி போடாததாலே என்ன குடி முழுகிப் போச்சு? நீ படிச்ச பொண்ணு, சொல்லும்மா!" என்றார்.

வேலூர்த் தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கிறதா? 2019 ஏப்ரல் 18-ந் தேதி தமிழ்நாட்டில் 38 லோக்சபைத் தொகுதிகளில் ஓட்டுப் பதிவு நடந்தது. வேலூரில் மட்டும் இல்லை. பணம் பிடிபட்டதன் பேரில் அங்கே தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். பிறகு ஆகஸ்டு 5-ந் தேதி தனியாக நடந்தது. பெயர்தான் இடைத்தேர்தல் இல்லை, அமளியெல்லாம் அப்படியேதான்! ஊருக்கு ஊர் தலைவர்கள், தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி.

ஓட்டு எண்ணிய அன்று முதலில் ஒருவர் முந்தினார், பிறகு மற்றவர் முந்தினார். கடைசியில் தி.மு.க.வின் கதிர் ஆனந்துக்கு 4,85,340, அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி. சண்முகத்துக்கு 4,77,199. வித்தியாசம் 8,141.

"எட்டாயிரம்! கொஞ்சமா அது?" என்று அம்மாள் சிரித்தார்.

நான் விடவில்லை. தொகுதியில் சுமார் 1,500 வாக்குச் சாவடிகள். பங்கு போட்டால் சாவடிக்கு ஐந்தரை ஓட்டுக்கூட வரவில்லை! ஒவ்வொரு சாவடியிலும் மூன்று பேர் மனம் மாறியிருந்தால் முடிவே தலைகீழ். அன்று ஓட்டுப் போடாதவர்களோ சுமார் நான்கு லட்சம் பேர். அந்தத் தங்கையும் அவர்களில் ஒருத்தி.

இன்னும் கேளுங்கள். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. கர்நாடகத்துச் சந்தேமரஹள்ளியில் 2004-ல் ஜெயித்தவருக்கு 40,752, தோற்றவருக்கு 40,751. ஆம், ஒரே ஓர் ஓட்டு! அதுவும் இல்லாமல் சரிசமமாக நின்றிருந்தால்? சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்கிறது நம் சட்டம்.

அம்மாள் நாடாவைக் கீழே வைத்தார். "அது சரி. தோத்தவங்களுக்குப் போட்ட ஓட்டெல்லாம் என்ன ஆச்சு? வீண்தானே?"

நல்ல கேள்வி! வேலூரில் மூன்றாவதாக வந்த தீபலட்சுமிக்கு 26,995 ஓட்டு. வித்தியாசத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். நம் முறையில் அவை அத்துடன் சரி. அயர்லாந்தில் அப்படியில்லை. அங்கே அபேட்சகர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை போடுகிறார்கள். இடைத்தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். இந்த முறையை எடுத்துவிடலாமா என்று 1959-லும் 1968-லும் ஜனங்களையே கேட்டார்கள். இரண்டு முறையும் 'கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். நம் ஜனாதிபதித் தேர்தலும் இந்த விருப்ப வரிசை முறைதான்.

"தங்கச்சி ஏன் போகலை தெரியுமா?" என்றார் அம்மாள், குரலைத் தாழ்த்தி. "அன்னிக்குத் தறியிலே அவசர வேலை. இறங்கினா கூலி போச்சு."

எனக்கு வாயடைத்துவிட்டது. ஓட்டுப் பதிவன்று சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. ஆனால், வீட்டுத் தறியில் புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு அன்றைய கூலியை யார் கொடுக்கப் போகிறார்கள்? 'ஒரு நடை போய்விட்டு வருவதற்கென்ன?' என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். அந்த நடைக்கு அவள் வீட்டில் ஒரு விலை இருக்கிறது.

சற்று நேரம் பேச்சில்லை. அம்மாள் பாவைத் தடவிப் பார்த்து, அறுந்திருந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்து முடிந்தார்.

"ஒரு இழைதானேன்னு விட்டா புடவையிலே கோடு விழுந்துடும்மா" என்றவர், தாமே சிரித்துவிட்டார். "சரி, சரி. அடுத்த தடவை முன்னாடி ராத்திரியே கொஞ்சம் கூட நெய்துட்டுப் போயிட்டு வான்னு அவகிட்டே சொல்றேன்."

அவளுக்காவது தறி இருக்கிறது. மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, 'வெயில் தாழட்டும்' என்று சொல்லும் நமக்கு என்ன சாக்கு? வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அடுத்த தேர்தலன்று முதலில் சாவடிக்குப் போய் வாருங்கள். சாம்பார் அப்புறம் கொதிக்கட்டும். வீட்டில் யாராவது முணுமுணுத்தால், சந்தேமரஹள்ளிக் கணக்கைச் சொல்லுங்கள்!